நேர்கோட்டை மறித்த வீடு

கௌஸ் பாஷாவின் வீட்டுக்கு மனிதர்கள் வாசல் வழியாக வருவார்கள். லாரிகள் சுவர் வழியாக வரும். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது அந்த வீடு. முன்பக்கம் மெத்தைக் கடை, பின்பக்கம் குடும்பம். அதுவரை அம்பு மாதிரி வரும் ரோடு, வீட்டுக்கு முன்னால் சட்டென்று ஒதுங்கி, வீட்டைச் சுற்றி வளைந்து, மறுபடியும் பழைய பாதையிலேயே சேர்ந்துகொள்ளும். பாஷாவின் தாத்தா காலத்தில் ரோடு போட வந்தவர்கள், குறுக்கே ஒரு வீடு இருப்பதைப் பார்த்து ரோட்டை வளைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு அவ்வளவுதான் விவரம்.

ரோடு வளைந்ததே தவிர, லாரிகள் வளையவில்லை. தூக்கக் கலக்கத்தில் வருகிற டிரைவர் நேராகத்தான் வருவான். பாஷா விற்காத மெத்தைகளையெல்லாம் முன்சுவரில் சாய்த்து அடுக்கி வைத்திருந்தார். இலவம்பஞ்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கியது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மெத்தை, சுவர், தையல் மிஷின் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பாஷாவின் மனைவி ஹுசைன் பீ படுத்திருந்த கட்டிலில் முட்டி நின்றது. அவளுக்கு வலது கால் உடைந்தது. டிரைவர் இறங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “பாய், ரோடு எங்க போச்சு?” என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட காலோடு திரும்பி வந்த ஹுசைன் பீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஏங்க, இந்த வாட்டி என் கால். அடுத்த வாட்டி வர்றது பக்கத்துல படுத்துருக்குற புள்ள மேலதான் ஏறும். ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்க. வேற எதுவும் கேக்கல நானு.”

பிள்ளை என்பது அவர்கள் மகள் இக்ரா. பிளஸ் டூ படிக்கிறாள். அன்று லாரியின் முன்சக்கரம் நின்ற இடத்துக்கும் அவள் தலையணைக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வேகத்தடை போடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவர் போன ஆபீசில் எல்லாரும் தங்கமான மனிதர்கள். ஒரு சின்ன விஷயம்தான் தெரியவேண்டியிருந்தது. வளைவு வட்டம் என்றால் அது ஊராட்சியின் பொறுப்பு. நீள்வட்டம் என்றால் ஒன்றியம். பரவளையம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதிபரவளையமாக இருந்துவிட்டால் சென்னையிலிருந்துதான் ஆள் வரவேண்டும். இது எந்த வகை என்று, வளைந்த கோடுகளைத் தரம் பிரிக்கிற வளைவரை வகைப்பாட்டு வாரியம் சொல்லிவிட்டால் மறுநாளே தார் கொட்டிவிடலாம்.

வாரியத்தின் செஞ்சிக் கோட்ட அலுவலகம் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறிப்போகிற படிக்கட்டு சுருளாகச் சுற்றும். அந்தச் சுருள் என்ன வகை என்பது இன்னும் முடிவாகாததால் கைப்பிடி வைக்கப்படவில்லை. பாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே வகைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. எல்லா ஜன்னலிலும் கூட்டம். அவர் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்க, ஒவ்வொரு ஜன்னலிலும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள்: உங்களுடையது எந்த வகை?

“அத தெரிஞ்சிக்கத்தாங்க வந்தேன்.”

“வகை தெரிஞ்சாதான பாய் எந்த ஜன்னல்ல வகை கேக்கணும்னு சொல்ல முடியும்?”

கடைசியில் அவரை வகைப்பாட்டு அலுவலர் கோதண்டராமனின் அறைக்கு அனுப்பினார்கள். கோதண்டராமன் அலுவலக நேரத்தில் பேச்சுத் தமிழைத் தொடமாட்டார். எதிரில் இருப்பவர் ஒருவராக இருந்தாலும் ஒரு மண்டபத்தைப் பார்த்துப் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

“என்ன குறை?”

“ரோடு வளைஞ்சிருக்குது சார். லாரி ஊட்டுக்குள்ள வந்துடுது.”

“வளைந்திருக்கிறது என்பது புகார். வகை அல்ல. பாய், இந்த வாரியம் வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் வளைவுகள் எப்படி இருந்தன தெரியுமா? கேட்பாரற்று இருந்தன. மாட்டுக் கொம்பும் வளைவு, ஏரிக்கரையும் வளைவு என்று ஜனங்கள் பொத்தாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று அப்படிச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. வளைவுகளால் ஏற்படும் விபத்துகளை நாங்கள் குறைத்தோமா என்று சிலர் கேட்கிறார்கள். குறைக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எவன் எந்த வகை வளைவில் செத்தான் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. முன்பு அந்த வசதி இருந்ததா?”

பாஷா இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு இது நன்மையா கெடுதலா என்று விளங்கவில்லை. ஆனால் களஆய்வுக்கு வருகிறோம் என்றார்கள். அந்தமட்டில் சந்தோஷமாகவே படி இறங்கினார்.

களஆய்வுக்குக் கோதண்டராமனோடு ரஞ்சனி என்ற அளவரும் கயிறு, முளைக்குச்சிகளோடு வந்தாள். முதல் வேலையாகச் சுவரில் சாய்த்திருந்த மெத்தைகளை எடுக்கச் சொன்னார்கள். மெத்தை இருந்தால் வளைவின் இயல்பு கெட்டுவிடுமாம். ஒற்றை முளையில் கயிற்றைக் கட்டி வட்டமா என்று சுற்றிப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. பிறகு நீள்வட்டச் சோதனை ஆரம்பமானது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. இரண்டு குவியத்திலும் முளை அடித்து, கயிற்றைக் கட்டி, கயிறு தொய்யாமல் சுற்றி வந்தால் கயிற்றின் வளைவும் ரோட்டின் வளைவும் ஒத்துப்போகவேண்டும்.

“இரண்டு குவியமும் உங்கள் வீட்டுக்குள்ளேயே விழுகின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றுகூட வாய்ப்பதில்லை” என்று கோதண்டராமன் பாராட்டினார்.

ஒரு முளையை அடுப்புக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையை உடைத்து அடித்தார்கள். இன்னொன்று கடையில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில். கயிறு ஜன்னல் வழியாக வெளியே போய், வாசல் வழியாக உள்ளே வந்தது. ஹுசைன் பீயின் கட்டில் வழியில் இருந்ததால், ரஞ்சனி கயிற்றோடு ரோட்டில் நகர நகர, இங்கே ஹுசைன் பீ கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிக் கயிற்றுக்கு வழி விடவேண்டியிருந்தது. நடுவில் ஒரு மணல் லாரி வர, ரஞ்சனி கயிற்றை விட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தாள். குதிக்காமல் இருந்திருந்தால் ஆய்வை அன்றே முடித்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு திட்டு விழுந்தது.

எப்படியோ கயிறும் ரோடும் ஏறக்குறைய ஒத்துப்போயின. பாஷாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கோதண்டராமன் வீட்டின் பின்பக்கம் போய், மல்லாட்டை பயிரிட்ட கொல்லையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீள்வட்டம் என்பது மூடிய வளைவரை. முன்பாதி இருக்கிறது. பின்பாதி எங்கே?”

“பின்னால கொல்லைதான் சார் இருக்குது. எங்க தாத்தா காலத்துலர்ந்து கொல்லைதான்.”

“ரோட்டின் மீதியை உழுதுவிட்டீர்களா?”

பாஷா அல்லாவின் மேல் ஆணையாக உழவில்லை என்றார். அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை வந்து பரவளையமா என்று பார்த்தார்கள். பரவளையத்தின் இரண்டு கைகளும் முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். இந்த ரோடு மேல்மலையனூரில் போய் நின்றுவிடுகிறது. அது ரோட்டின் குறை, வாரியத்தின் குறை அல்ல என்றார் கோதண்டராமன். போகும்போது ரஞ்சனி மட்டும் கொஞ்சம் பின்தங்கி, “பாய், மெத்தையெல்லாம் திரும்பவும் சாய்ச்சி வெச்சிடுங்க. நான் பாத்த மாதிரி காட்டிக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பாஷா இக்ராவைக் கேட்டார். அவளுடைய கணக்குப் புத்தகத்தில்தான் இந்த எழவெல்லாம் படம் போட்டு இருந்தது.

“இதுல எதுடி நம்மளுது?”

“தெரியல அத்தா. புக்குல இருக்குற வளைவுக்குப் பக்கத்துல ஊடு எதுவும் இல்ல.”

இனி மிச்சம் அதிபரவளையம்தான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதிபரவளையம் ஒற்றையாக இருக்காது. முதுகோடு முதுகு காட்டிக்கொண்டு இரண்டு கிளைகள் இருக்கவேண்டும். இன்னொரு கிளை எங்கே இருக்கிறதென்று மனுதாரர்தான் காட்டவேண்டும் என்பது வாரியத்தின் விதி. பாஷா டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு, தன் வளைவுக்கு முதுகு காட்டும் இன்னொரு வளைவைத் தேடி அலைந்தார். மெத்தை தைக்கக் கொடுத்திருந்தவர்கள் கடைக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் சுற்றினார். சர்க்கரைக்குளத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். கடைசியில் சிங்கவரத்தில் ஒரு வளைவு கிடைத்தது. அச்சு அசலாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு வீடு, இடிந்த சுவர், சுவரோரத்தில் வைக்கோல் கட்டுகள். வீட்டுக்காரர் பச்சமுத்து வாசலில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், ரொம்ப நேரமா என் ரோட்டையே பாக்குற?”

பாஷா விஷயத்தைச் சொன்னார். உங்கள் வளைவும் என் வளைவும் ஒரே வளைவின் இரண்டு கிளைகள் என்று ஒரு கையெழுத்துப் போட்டால், இரண்டு பேருக்கும் வேகத்தடை கிடைக்கும் என்றார். பச்சமுத்து அலறி எழுந்தார்.

“அய்யய்யோ, அந்தப் பேச்சே வேணாம். என்னுது வட்டம். வட்டம்னு வாங்குறதுக்குள்ள என் மாடு ரெண்டும் லாரில அடிபட்டுப் போச்சு. அத வந்து நீ கலைச்சி உட்டுடாத.”

“வட்டம்னு ஆயிடுச்சா? அப்போ ஸ்பீடு பிரேக்கர் போட்டாங்களா?”

“எங்க போட்டானுங்க! வட்டத்துக்கு ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்லயாம். எந்த எடத்துல போடுறதுன்னு ஊராட்சில இன்னும் பேசினு இருக்கானுங்க.” பச்சமுத்து குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு பாய். வகை தெரிஞ்சிட்டதுல மனசுக்கு ஒரு திருப்தி. சும்மா சாவுறதுக்கும் வட்டத்துல சாவுறதுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல?”

இதைக் கேலியாகச் சொல்கிறாரா உண்மையாகச் சொல்கிறாரா என்று பாஷாவுக்குத் தெரியவில்லை. பச்சமுத்துவுக்கும் தெரிந்திருக்காது. இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். கையெழுத்து கிடைக்கவில்லை.

இதற்கு நடுவிலும் லாரிகள் தங்கள் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று கடையின் மூலையைப் பெயர்த்துக்கொண்டு போனது. இக்ராவின் படுக்கையை அடுப்பங்கரைக்கு மாற்றினார்கள். அங்கே தரையில் இருந்த முளையைப் பிடுங்கக் கூடாது என்று உத்தரவு. அவள் அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். பகலில் ஹாரன் சத்தம் கேட்டாலே ஹுசைன் பீ கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பாஷா வாரியத்துக்கு நடந்து நடந்து, கைப்பிடி இல்லாத அந்தப் படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறும் அளவுக்குத் தேறியிருந்தார்.

கடைசி ஆய்வுக்குக் கோதண்டராமன் புது ஜீப்பில் வந்தார். டிரைவர் லீவு. அவரே ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் ரஞ்சனியிடம் வளைவரைகளின் மேன்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் ரோடு ஒதுங்கியது, ஜீப் ஒதுங்கவில்லை. மெத்தைகளையும் மிச்சமிருந்த சுவரையும் தள்ளிக்கொண்டு ஜீப் கடைக்குள் வந்து பஞ்சு மூட்டைகளில் புதைந்து நின்றது. “அய்யோ, யம்மா!” என்று கோதண்டராமன் அலுவலக நேரத்தில் முதல்முறையாகப் பேச்சுத் தமிழில் கத்தினார்.

யாருக்கும் அடியில்லை. தலையெல்லாம் பஞ்சோடு அவர் இறங்கியபோது பாஷாவுக்கு, சொல்லக்கூடாது, உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இனி எந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அனுபவித்தவருக்குத் தெரியாமலா போகும்! ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டார்.

“இப்பவாவது தெரிஞ்சுதுங்களா சார்? இதான் சார் அன்னாடம் எங்க கதி.”

கோதண்டராமன் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜீப்பையும் வெளியே தெரிந்த ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வளைவு என்று ஒன்று இருந்தால், வளைவரை வகைப்பாட்டு அலுவலர் அதைக் கவனிக்காமல் போயிருக்க முடியாது. அவர் கவனிக்கவில்லை. ஆகவே... அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. பாஷாவின் தோளைத் தட்டி, “உங்கள் பிரச்சினை தீர்ந்தது” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் ஹுசைன் பீ பாயசம் வைத்தாள்.

தீர்ப்பை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் படித்தார்கள். மேடை, மாலை, மைக் எல்லாம் இருந்தன. கோதண்டராமன் பேசினார்.

“இந்த ரோட்டை வட்டம் என்று ஐயப்பட்டோம். நீள்வட்டம் என்று கயிறு கட்டினோம். ஒன்றும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை? இது நேர்கோடு! நானே என் உயிரைப் பணயம் வைத்து ஜீப்பில் நேராகச் சென்று அதை மெய்ப்பித்தேன். எனக்கு முன்னால் எத்தனையோ லாரி ஓட்டுநர்கள், படிக்காத பாமரர்கள், இதே உண்மையைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நாம்தான் செவிகொடுக்கவில்லை.”

கைதட்டல் எழுந்தது. கட்டுப்போட்ட காலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹுசைன் பீயும் எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டிவிட்டாள். இக்ராதான் எழுந்து நின்றாள்.

“சார், ரோடு வளைஞ்சிருக்குது சார். வந்து கண்ணால பாருங்க. யாருக்கு வேணா தெரியும்.”

“கண் வாரியத்தின் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல, பாப்பா. ஜீப் அங்கீகரிக்கப்பட்டது. மேலும் நேர்கோடும் ஒரு வளைவரைதான், உன் புத்தகத்திலேயே இருக்கும். அதன் வளைமை பூச்சியம். உங்கள் வளைவை நாங்கள் மறுக்கவே இல்லை. பூச்சியம் என்று அளந்து கொடுத்திருக்கிறோம்.”

“அப்போ ஸ்பீடு பிரேக்கர்?” என்றார் பாஷா. அவருக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

“நேர்கோட்டில் எதற்கு வேகத்தடை? நேர்கோட்டில் ஒருவன் நேராகச் செல்வது குற்றமும் அல்ல. ஆகவே எந்த லாரியும் உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. உங்கள் வீடுதான் ஒவ்வொரு முறையும் லாரிக்குள் வந்திருக்கிறது. என் ஜீப்புக்குள்ளும் வந்தது. அதை நான் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறேன். ஆனால் ரோட்டின் மேல் ஒரு வீட்டை விட்டுவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

பாஷா எழுந்து மேடையோரத்துக்குப் போனார். மேலே யாரிடம் போய்ச் சொல்வது என்று ரஞ்சனியிடம் கேட்டார். மேல்முறையீடு வளைவுகளுக்கு மட்டும்தான், நேர்கோட்டுக்குக் கிடையாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நஷ்டஈடும் வளைவில் வசித்தவர்களுக்குத்தான். நேர்கோட்டின் மேல் வீடு இருக்க முடியாது என்பதால், அங்கே வீடு இருந்ததாகவே கொள்ள வழியில்லை. அவள் அழுதுவிடுவாள்போல இருந்தது. அழுது என்ன ஆகப்போகிறது.

ஜேசிபி ஒரு காலைநேரத்தில் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வளைவில் நிதானமாக, ஒழுங்காகத் திரும்பி வந்து நின்ற வண்டி அது ஒன்றுதான். கட்டிலையும் தையல் மிஷினையும் வெளியே எடுக்க அவகாசம் கொடுத்தார்கள். தாத்தா கட்டிய வீடு மத்தியானச் சாப்பாட்டுக்குள் தரையோடு தரையாகிவிட்டது. அடுத்த நாளே லாரிகள் அந்த வழியாக நேராகப் போக ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் மேலே தார் போட்டார்கள். பழைய வளைவில் முள் முளைத்தது. இப்போது யார் வந்து எந்தக் கருவியை வைத்து அளந்தாலும், அந்த ரோடு அப்பழுக்கில்லாத நேர்கோடு. வாரியம் சொன்னது சத்தியம் என்று ஊரே ஒப்புக்கொண்டது. கோதண்டராமன் பதவி உயர்வு கிடைத்து விழுப்புரத்துக்குப் போய்விட்டார்.

பாஷா செஞ்சிக்குள்ளேயே ஒரு சந்தில் வாடகைக்கு வந்துவிட்டார். மெத்தை விரித்துத் தைக்க அங்கே இடம் கிடையாது. வேறு ஒருவர் கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறார். நாலு சுவரும் முழுசாக இருக்கிற வீட்டில் இக்ரா நிம்மதியாகத் தூங்குகிறாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவேண்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது முடிவதில்லை.

மேல்மலையனூர் ரோட்டில் இருக்கிற வளத்தியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் போனார்கள். இடிந்த பிறகு அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு நல்ல வேகத்தில் ஓட்டினார். அந்த இடம் நெருங்க நெருங்க பாஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் கொஞ்சமும் ஒதுங்காமல் கடைக்குள் நுழைந்தது. பஞ்சு மூட்டை இருந்த இடத்தைத் தாண்டி, கட்டில் கிடந்த இடத்தைத் தாண்டி, அடுப்பங்கரைக்குப் போனது. சுற்றியிருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

ஹுசைன் பீ குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“ஏங்க” என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “செருப்போடயே உள்ள வந்துட்டோம்.”